சூடானதும் நின்றுவிடும் 1969 போனவில்: புதிய கார்புரேட்டர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். பர்மிங்காமில் நீங்கள் வாங்கியிருக்கும் 1969ஆம் ஆண்டு டிரையம்ஃப் டி120 போனவில் மோட்டார் சைக்கிள், குளிர்ந்த நிலையில் இரண்டு மூன்று உதையில் கிளம்பிவிடுகிறது. ஏழெட்டு மைல் ஓடியதும் முதலில் இடப்பக்க சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. சற்று நேரத்தில் வண்டியே நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்புகிறது. இரண்டு கார்புரேட்டர்களையும் இருமுறை கழற்றிச் சுத்தம் செய்து, ஜெட்களையும் மாற்றியாயிற்று. இனி புதிய ஜோடி கார்புரேட்டர்தான் வழி என்று உங்களிடம் சொல்கிறார்கள். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, ஒரு மாதம் நிறுத்திவைத்து எடுக்கும்போது கிக்கர் கனப்பதும், கிளம்பியதும் நீலப் புகை கக்குவதும் ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் விவரிக்கும் கோளாறு கார்புரேட்டரின் குணத்தோடு பொருந்தவில்லை. கார்புரேட்டரில் உள்ள குறை ஆக்சிலேட்டரை எவ்வளவு திறக்கிறோம் என்பதைப் பொறுத்து வெளிப்படும். எவ்வளவு நேரம் ஓடியது என்பதைப் பொறுத்து வெளிப்படுவது அரிது. உங்கள் வண்டியில் உள்ள அமல் கான்சென்ட்ரிக் 930 வகையில், ஆக்சிலேட்டர் எட்டில் ஒரு பங்கு திறக்கும்வரை பைலட் ஜெட்டும், அதன்பின் கால் பங்குவரை ஸ்லைடின் அடிவெட்டும், முக்கால் பங்குவரை ஊசியும் ஊசி ஜெட்டும், அதற்கு மேல் மெயின் ஜெட்டும் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் எது அடைத்திருந்தாலும் தேய்ந்திருந்தாலும், அதற்குரிய திறப்பில் வண்டி முதல் மைலிலேயே தடுமாறும். ஏழாவது மைல்வரை காத்திருக்காது. ஐயம் இருந்தால், கைப்பிடியிலும் அதை ஒட்டிய உறையிலும் சிறு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று குறித்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். மிஸ் அடிப்பது எந்தக் குறியிலும் வரலாம் என்றால், கார்புரேட்டரை விட்டுவிட்டு மின்சாரத்தின் பக்கம் திரும்ப வேண்டும்.

இந்த வண்டியின் அமைப்பே அதற்கு நமக்கு உதவுகிறது. டிரையம்ஃபின் வடிவமைப்பாளர் எட்வர்ட் டர்னர் 1937இல் ஸ்பீட் ட்வின் என்ற மாடலுக்காக வகுத்த இரட்டை சிலிண்டர் அமைப்பின் வழிவந்ததுதான் 1959இல் வெளிவந்த போனவில். உங்களுடையதில் 71 மி.மீ. விட்டமும் 82 மி.மீ. வீச்சும் கொண்ட இரு சிலிண்டர்கள் சேர்ந்து 649 சி.சி. ஆகின்றன. இரு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினாலும், ஒரு சுற்றில் இடப்பக்கமும் மறு சுற்றில் வலப்பக்கமுமாக மாறி மாறித்தான் வெடிக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் காயில் (பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்குவது), தனித்தனி பாயிண்ட் (காயிலின் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச்), தனித்தனிக் கண்டன்சர் (பாயிண்ட் திறக்கும்போது அங்கே பொறி பாயாமல் தடுப்பது), தனித்தனி பிளக், தனித்தனிக் கார்புரேட்டர். அதாவது ஒரே கிராங்க்கில் மாட்டிய இரண்டு ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள் இவை. நீங்கள் சந்தேகப்படும் எந்தப் பாகத்துக்கும், நன்றாக வேலை செய்யும் அதே பாகம் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. இடத்தையும் வலத்தையும் மாற்றி மாட்டிப் பார்த்து, பாகத்தோடு கோளாறும் அடுத்த பக்கத்துக்குப் போனால் மட்டும் அந்தப் பாகத்தை வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளக்கையும் காயிலையும் கண்டன்சரையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டால், வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்பது தெரியாமலே போய்விடும், அடுத்த முறை மறுபடி எல்லாவற்றையும் வாங்க வேண்டியிருக்கும்.

உங்கள் விவரத்தில் நான் நின்று யோசித்த இடம் ஒன்று உண்டு. முதலில் இடப்பக்கம் மட்டும் விடுகிறது, பிறகு எல்லாம் நிற்கிறது என்கிறீர்கள். இடப்பக்கக் காயில் மட்டும் கெட்டிருந்தால், வலப்பக்க சிலிண்டர் ஒன்றே 650 வண்டியை எப்படியோ இழுத்துக்கொண்டு வீடுவரை வந்துவிடும். ஸ்லோவில் நிற்காதே தவிர, ஆக்சிலேட்டரைத் திறந்தே வைத்திருந்தால் ஓடும். எனவே இரண்டு வாய்ப்புகள்தான். ஒன்று, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஏதோ ஒன்று மெல்ல மெல்ல விட்டுப்போகிறது. இரண்டில் பலவீனமான பக்கம் முதலில் விழுகிறது. மற்றது, இடப்பக்கம் மட்டும் நின்றதும் நீங்கள் பயந்து ஆக்சிலேட்டரை மூட, வலப்பக்கம் ஸ்லோவில் தாங்காமல் அணைந்துவிடுகிறது. அடுத்த முறை இடப்பக்கம் விட்டதும் ஆக்சிலேட்டரை மூடாமல், கியரை ஒன்று குறைத்து, கால் மைலாவது இழுத்துப் பாருங்கள். இழுத்தால் கோளாறு இடப்பக்கத்தோடு முடிகிறது. இழுக்காமல் நின்றால் பொதுவானவற்றைத் தேட வேண்டும்.

பொதுவானவற்றில் மிக எளியது பெட்ரோல் டேங்க்கின் மூடி. மூடியில் உள்ள காற்றுத்துளை அடைத்திருந்தால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்க்குக்குள் காற்றழுத்தம் குறைந்து, ஒரு கட்டத்தில் பெட்ரோல் இறங்குவதே நின்றுவிடும். சிறிது நேரம் ஓய்வாக விட்டால் எங்கோ ஓர் இடுக்கின் வழியே காற்று கசிந்து உள்ளே போய், வண்டி மறுபடி கிளம்பும். சூட்டினால் வரும் கோளாறு என்று எல்லோரும் தவறாக நம்புவதற்கு ஏற்ற அறிகுறிகள் இவை. சோதனைக்குப் பணமே தேவையில்லை: வண்டி நின்ற அதே நொடியில் மூடியைத் திறந்து, காற்று உள்ளே இழுபடும் ஓசை வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் நோய் கண்டாயிற்று. வராவிட்டால் கார்புரேட்டரின் பக்கத்தில் உள்ள டிக்ளர் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். சில நொடிகளில் பெட்ரோல் வழிந்தால் ஃப்ளோட் கிண்ணத்துக்குப் பெட்ரோல் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்தது மின்னோட்டம். இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். இன்றைய வண்டிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். இந்த வண்டியின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தின் வயரிங்கில் சிவப்பு வயர் எர்த்துக்கும், பழுப்பும் நீலமும் கலந்த வயர் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்தும் வரும். முந்தைய உரிமையாளர் யாராவது இதை நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருக்கிறாரா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனென்றால் தலைகீழாக மாட்டினால் ரெக்டிஃபயரும் (ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற நேர்மின்னோட்டமாக மாற்றுவது) ஸீனர் டையோடும் (மிகுதியான வோல்ட்டை வாங்கிக்கொள்வது) போய்விடும். பிறகு மல்டிமீட்டரின் சிவப்பு முள்ளை எஞ்சினின் சுத்தமான உலோகத்திலும், கறுப்பு முள்ளைக் காயிலுக்கு மின்சாரம் வரும் முனையிலும் வைத்து, சாவியைத் திருப்பி, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் வோல்ட்டைப் பாருங்கள். பாயிண்ட் திறந்த நிலையில் பார்த்தால் மின்னோட்டமே இருக்காது. ஒரே ஓர் இழை பிழைத்திருக்கும் வயரும் 12 வோல்ட்டைக் காட்டி ஏமாற்றிவிடும். பிறகு நேராகப் பேட்டரியின் இரு முனைகளிலும் பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால், இடையில் எங்கோ மின்சாரம் சிந்துகிறது.

அந்த இடம் பெரும்பாலும் ஃப்யூஸ் கூடு, முகப்பு விளக்கின் இடப்பக்கத் தாங்கியில் உள்ள சாவி சுவிட்ச், அல்லது வயர்களை இணைக்கும் சிறு பித்தளைக் குமிழ்கள் என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். ஹேண்டில்பார் திரும்பும் கழுத்தருகே வயரிங் ஆயிரக்கணக்கான முறை மடங்கி, மேலுறை முழுதாக இருக்க உள்ளே செம்பிழைகள் அறுந்திருப்பதும் உண்டு. வண்டியை ஸ்லோவில் ஓடவிட்டு ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினால் அது வெளிப்பட்டுவிடும். லூகாஸ் நிறுவனத்தை இருட்டின் இளவரசன் என்று கேலி செய்வது பிரிட்டிஷ் வண்டிக்காரர்களிடையே ஒரு வழக்கம். என்னைக் கேட்டால் அது பாதி அநியாயம். அரை நூற்றாண்டாக மழையில் நனைந்த குமிழ் இணைப்பை ஒருமுறைகூடத் திறந்து துடைக்காதவர்கள் செய்த பாவத்தையும் சேர்த்து அந்த நிறுவனம் சுமக்கிறது.

சாலையோரத்தில் இதைவிட வேகமான சோதனை ஒன்று உண்டு. இரு முனையிலும் கிளிப் உள்ள, ஒரு மீட்டர் நீளமுள்ள வயரையும், அதில் ஒரு ஃப்யூஸையும் கையோடு வைத்திருங்கள். வண்டி நின்றதும், பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து காயில்களின் மின்வரவு முனைக்கு அந்த வயரை நேராக இணையுங்கள். இது சாவி சுவிட்ச், பழைய ஃப்யூஸ், கழுத்து வயரிங் மூன்றையும் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. உடனே வண்டி கிளம்பி ஓடினால் கோளாறு அந்த மூன்றுக்குள்தான். அணைக்க வேண்டுமானால் கிளிப்பைக் கழற்ற வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள், ஏனெனில் அப்போது சாவிக்கு வேலை இல்லை. ஒவ்வொரு காயிலின் முதன்மைச் சுற்றும் சுமார் மூன்று நான்கு ஓம் அளவுக்குத்தான் தடை தருவதால், பாயிண்ட் மூடிய நிலையில் ஒவ்வொன்றும் மூன்று ஆம்பியருக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கும். நின்ற வண்டியில் இணைப்பை விட்டுவைத்தால் காயில் வெந்துபோகும்.

பேட்டரியிலேயே வோல்ட் குறைந்திருந்தால் சார்ஜ் ஆகவில்லை என்று பொருள். ஓடும் எஞ்சினில், ஏறக்குறைய 3000 சுற்றில், பேட்டரி முனைகளில் 13.5 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 15ஐத் தாண்டினால் ஸீனர் டையோடு தன் வேலையைச் செய்யவில்லை. முகப்பு விளக்குக்குக் கீழே துடுப்புகளோடு தெரியும் அலுமினியக் கட்டிதான் அதன் வெப்பத்தை வாங்குவது, அதற்கும் சட்டகத்துக்கும் இடையிலான எர்த் சுத்தமாக இருக்க வேண்டும். சார்ஜே ஏறாவிட்டால் பழைய தட்டு வகை ரெக்டிஃபயரைச் சந்தேகிக்கலாம். அதைக் கழற்றும்போது நடு போல்ட்டைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும். தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்தால் உள்ளே உள்ள இணைப்பு அறுந்துவிடும். அதற்குப் பதிலாக இன்றைய சிறிய பிரிட்ஜ் ரெக்டிஃபயரை மாட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வெளியே தெரியாத இடம்.

இனி இடப்பக்கத்தோடு நிற்கும் கோளாறுக்கு வருவோம். எனக்கு அதிகச் சந்தேகம் இங்கேதான். காயிலுக்குள் தலைமயிர் தடிமனில் சுற்றப்பட்ட செம்புக்கம்பியில் ஓர் இடம் அறுந்திருந்தால், குளிர்ந்தபோது இரு முனைகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். சூடேறி விரிந்ததும் விலகும். ஆறியதும் மறுபடி ஒட்டும். உங்கள் அரை மணி நேரக் கணக்கு இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் வீட்டுக்கு வந்து ஆறிய காயிலை அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். ஆகவே சூட்டினால் வரும் கோளாறைச் சூட்டிலேயே அளக்க வேண்டும். வண்டி நின்ற இடத்திலேயே சீட்டைத் தூக்கி, டேங்க்குக்குக் கீழே கையை விட்டு, இரு காயில்களின் வயர்களையும் கழற்றி ஓம் அளவைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இடப்பக்கம் மட்டும் எகிறியிருந்தாலோ, மீட்டர் அசையாவிட்டாலோ வேறு சாட்சி வேண்டியதில்லை.

மீட்டர் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். இரு காயில்களுக்கும் பாயிண்ட்டிலிருந்து வரும் வயர்களை, ஒன்று கறுப்பும் மஞ்சளும், மற்றது கறுப்பும் வெள்ளையும், காயில் முனையில் மட்டும் இடம் மாற்றுங்கள். கூடவே பிளக்குக்குப் போகும் தடித்த வயர்களையும் இடம் மாற்றுங்கள். கண்டன்சர்கள் அவற்றுக்குரிய பாயிண்ட்டோடு இருந்தபடியே இருக்கட்டும். இப்போது இடப்பக்க சிலிண்டரை வலப்பக்கக் காயில் எரிக்கிறது. அதே சாலையில் அதே தூரம் ஓட்டுங்கள். இம்முறை வலப்பக்கம் மிஸ் அடித்தால் காயிலோ அதன் தடித்த வயரோ குற்றவாளி. இடப்பக்கமே மறுபடி அடித்தால் காயில் நிரபராதி. கண்டன்சர், பாயிண்ட், பிளக் ஆகியவை மிச்சம். எந்தப் பக்கம் விடுகிறது என்று காதால் சொல்ல முடியாவிட்டால், சைலன்சர் குழாய்கள் எஞ்சினிலிருந்து வெளிவரும் இடத்தில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். எரியாத பக்கத்தில் அது சீறாது.

கண்டன்சர் கெடுவதை அந்தி வெளிச்சத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். வலப்பக்கம் உள்ள வட்டமான பாயிண்ட் மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஸ்லோவில் ஓடவிடுங்கள். நல்ல கண்டன்சர் உள்ள பாயிண்ட்டில் மங்கலான சிறு பொறி மட்டும் தெரியும். கெட்டதில் மஞ்சளாகவோ வெண்மையாகவோ கொழுத்த பொறி தொடர்ந்து அடிக்கும், பாயிண்ட் முகங்களும் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக வெந்திருக்கும். 1968இலிருந்து டிரையம்ஃப் இந்தக் கண்டன்சர்களைப் பாயிண்ட் தட்டிலிருந்து எடுத்து, காயில்களுக்கு அருகே டேங்க்குக்கு அடியில் வைத்தது. எஞ்சின் சூடும் காற்றோட்டமின்மையும் சேர்கிற இடம் அது என்பதால், பழைய கண்டன்சர் ஓடி ஓடிச் சூடானபின் கசிவது வியப்பல்ல. இரண்டையும் இடம் மாற்றி உறுதிசெய்தபின் ஜோடியாகவே புதிது போட்டுவிடுங்கள். விலை குறைவான பாகம்.

உங்கள் எஞ்சின் எண் பி (B), சி (C) என்ற இரு எழுத்துகளில் தொடங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் எழுத்து மாதம், இரண்டாவது எழுத்து விற்பனைப் பருவம். உங்களுடையது 1969 பருவத்தைச் சேர்ந்த, பிப்ரவரியில் டிரையம்ஃபின் மெரிடன் ஆலையில் கட்டிய எஞ்சின். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1967 வரை வந்த பாயிண்ட் தட்டில் இரு சிலிண்டர்களின் டைமிங்கையும் (பொறி விழும் நேரத்தையும்) தனித்தனியே சரிசெய்ய வழியில்லை. உங்களுடைய 6சிஏ வகையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். பாயிண்ட் இடைவெளி இரண்டுக்கும் 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. இடைவெளியை முதலில் வைத்துவிட்டு, அதன்பிறகே டைமிங்கைத் தொட வேண்டும், ஏனெனில் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறிவிடும். வேகம் கூடக்கூடப் பொறியை முந்தவைக்கும் அட்வான்ஸ் அமைப்பு முழுவதும் விரிந்த நிலையில், பிஸ்டன் மேல்முனையைத் தொடுவதற்குக் கிராங்க் சுழற்சியில் 38 டிகிரி முன்னதாகப் பொறி விழ வேண்டும். இடப்பக்கப் பிரைமரி உறையில் உள்ள சிறு மூடியைக் கழற்றினால் ரோட்டரில் (கிராங்க்கோடு சுழலும் ஆல்டர்னேட்டர் காந்தத்தில்) ஒரு கோடும் அதற்கு எதிரே ஒரு முள்ளும் தெரியும். ஸ்ட்ரோப் விளக்கை முதலில் ஒரு பிளக் வயரிலும் பிறகு மற்றதிலும் மாட்டி, 3000 சுற்றுக்கு மேல் ஓடும்போது கோடும் முள்ளும் நேராகின்றனவா என்று பாருங்கள்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த லூகாஸ் ரோட்டரின் எஃகு நடுப்பகுதியிலிருந்து காந்தப் பகுதி தளர்ந்துபோவது பரவலான நோய். அப்படித் தளர்ந்த ரோட்டரில் உள்ள கோட்டை நம்பி டைமிங் வைத்தால், டைமிங் முழுவதும் பொய். ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் கோடு ஓரிடத்தில் நில்லாமல் அலைந்தால், பாயிண்ட்டுக்குப் பின்னால் உள்ள அட்வான்ஸ் எடைகளும் ஸ்பிரிங்குகளும் சிக்குகின்றனவா என்று முதலில் பாருங்கள்; அவை சரியாக இருந்தால் ரோட்டரைக் கழற்றி, நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு வெளிப்பகுதியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். துளிகூட அசையக் கூடாது. பலர் கிராங்க் பேரிங் போய்விட்டது என்று எண்ணி எஞ்சினைப் பிரிக்கத் தொடங்குகிற ஒருவகைத் தட்டல் ஓசையும் இதிலிருந்தே வருகிறது.

இவ்வளவு சோதனைகளுக்குப் பதிலாக நேராக எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். பாயர் பிரான்ஸ்டன் போன்ற பிரிட்டிஷ் தயாரிப்புகள் நல்லவைதான். பாயிண்ட்டை அடிக்கடி பார்க்கும் வேலை மிச்சமாகும். ஆனால் அவை பாயிண்ட்டைவிட வோல்ட்டில் கண்டிப்பானவை. பாயிண்ட் உள்ள வண்டி 10 வோல்ட்டிலும் முனகிக்கொண்டு ஓடும். எலக்ட்ரானிக் பெட்டி அந்த வோல்ட்டில் கண்ட நேரத்தில் பொறியை அடிக்கத் தொடங்கிவிடும். வயரிங்கைச் சரிசெய்யாமல் அதை மாட்டினால், இன்று ஏழு மைலில் நிற்கும் வண்டி நாளை நான்கு மைலில் நிற்கும். முதலில் வயரிங், விருப்பமிருந்தால் பிறகு அது.

கார்புரேட்டரை முற்றிலும் விடுவித்துவிட்டதாக எண்ண வேண்டாம். இருமுறை கழற்றி மாட்டியிருக்கிறீர்கள் என்பதே எனக்கு ஒரு கவலை. கான்சென்ட்ரிக்கின் உடல் மென்மையான துத்தநாகக் கலவை. இரு நட்டுகளையும் பலமாக இறுக்கினால் முகப்பு வில்லாக வளைந்துவிடும், நடுவே காற்று இழுக்கும், அந்தப் பக்க சிலிண்டர் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையில் சூடேறும். எஃகு அளவுகோலின் விளிம்பை முகப்பில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வளைந்திருந்தால் கண்ணாடித் தட்டின்மேல் மெல்லிய எமரித் தாளை விரித்து, முகம் சமமாகும்வரை மெதுவாகத் தேய்க்கலாம். பைலட் பாதையைப் பொறுத்தவரை, கார்புரேட்டர் கிளீனர் அடித்ததால் மட்டும் அது திறந்துவிட்டது என்று கொள்ளக் கூடாது. உடலுக்குள் அழுத்திவைத்த பைலட் புஷ் உள்ள வகையானால், பைலட் திருகை எடுத்துவிட்டு அதன் துளை வழியே 0.016 அங்குல டிரில் துண்டை விரலால் மட்டும் திருப்பி உள்ளே விட்டால்தான் அடைப்பு வெளியே வரும். இது ஸ்லோவுக்கான வைத்தியம். உங்கள் முக்கியக் கோளாறுக்கு அல்ல.

பெட்ரோலையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் பத்து சதவிகிதம்வரை எத்தனால் கலந்த இ10 வகை. நெரிசலில் நின்று நின்று போகும்போது சூடான கிண்ணத்தில் அது எளிதில் ஆவியாகிறது. பழைய ரப்பர் குழாய்களையும் மெல்ல அரிக்கிறது. சூப்பர் அன்லெடட் என்று விற்கும் இ5 வகையை ஊற்றுங்கள். திறந்த சாலையில் ஓடும்போதே வண்டி நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், ஆவியாதலை முதல் குற்றவாளியாக நான் கருதவில்லை.

கருவிகளைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று. 1969 டிரையம்ஃபில் பழைய பிரிட்டிஷ் மரைகளும் புதிதாக வந்த யூனிஃபைட் மரைகளும் கலந்தே இருக்கும். 13 மி.மீ. ஸ்பேனர் அரை அங்குல நட்டில் நுழையும், ஆனால் 0.3 மி.மீ. தளர்வோடு நுழையும், அந்தத் தளர்வுதான் நட்டின் மூலைகளை வழித்துவிடுகிறது. பழைய பிரிட்டிஷ் மரைகளுக்கான விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருப்பது போல்ட்டின் விட்டம், நட்டின் தலை அகலம் அல்ல. கால் அங்குல விட்வொர்த் நட்டின் அகலம் 13.3 மி.மீ. வரும். விட்வொர்த், அங்குலம் என்று இரு தொகுப்புகளும் வேண்டும். பர்மிங்காம் சந்தைகளில் பழையவை மலிவாகக் கிடைக்கும். பழைய எஃகு நல்ல எஃகுதான்.

கடைசியாக அந்த நீலப் புகை. இது வேறு நோய். மிஸ் அடிப்பதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். போனவில் உலர் சம்ப் வகை எஞ்சின். எண்ணெய் தனி டேங்க்கில் இருக்கும். பம்பின் ஒரு பிளஞ்சர் அதை எஞ்சினுக்குள் அனுப்ப, அதைவிடப் பெரிய இன்னொரு பிளஞ்சர் கீழே சேர்வதை உறிஞ்சி டேங்க்குக்கே திருப்பி அனுப்பும். ஒவ்வொன்றின் கீழும் ஸ்பிரிங்கின்மேல் ஒரு சிறு குண்டு வால்வாக அமர்ந்திருக்கிறது. அனுப்பும் பக்கத்துக் குண்டின் கீழே ஒரு துகள் சிக்கினாலோ இருக்கை தேய்ந்தாலோ, நிற்கும் வண்டியில் டேங்க்கின் எண்ணெய் தன் எடையாலேயே மெல்லக் கசிந்து கிராங்க் அறையில் நிரம்பும். கிக்கர் கனப்பது அந்த எண்ணெயில் ஃப்ளைவீல் முங்கியிருப்பதால். புகை வருவது அது பிஸ்டன் வளையங்களைத் தாண்டி மேலே போவதால். சில நிமிடங்களில் புகை அடங்கிவிட்டால் காரணம் இதுவே. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி வரும்போது மட்டும் புகைந்தால் வால்வு கைடும், இழுக்கும்போதெல்லாம் புகைந்தால் வளையங்களும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

உடனடி வழி, நீண்ட நாள் நின்ற வண்டியை உதைக்கும் முன் அடியில் உள்ள சம்ப் பிளக்கைத் திறந்து எண்ணெயை வடித்து, சுத்தமாக இருந்தால் டேங்க்கிலேயே ஊற்றிவிடுவது. கிளம்பியதும் டேங்க் மூடியைத் திறந்து, திரும்பி வரும் குழாயில் எண்ணெய் காற்றுக் குமிழிகளோடு விட்டுவிட்டுத் துப்புகிறதா என்று பாருங்கள்; குமிழிகள் இருப்பது இயல்பு. நிரந்தர வழி, வலப்பக்க டைமிங் உறையைக் கழற்றி, பம்பை வெளியே எடுத்து, குண்டுகளையும் அவற்றின் இருக்கைகளையும் துடைத்து, தேய்ந்திருந்தால் பம்பை மாற்றுவது. டேங்க்கிலிருந்து வரும் குழாயில் ஒரு தடுப்பு வால்வு மாட்டினால் எல்லாம் தீர்ந்தது என்று விற்பவர்கள் உண்டு. நான் அதை மாட்டுவதில்லை. அந்த வால்வு ஒருமுறை மூடியபடி சிக்கிக்கொண்டால், எண்ணெய் இல்லாமல் கிராங்க்கில் உள்ள பிக் எண்ட் பேரிங்குகள் வெந்துபோகும். ஒரு குவளை எண்ணெயை வடிக்கும் சிரமத்துக்குப் பயந்து முழு எஞ்சினைப் பணயம் வைப்பது சரியான கணக்கல்ல.

டைமிங் உறையைக் கழற்றும் வேலையோடு எண்ணெய் அழுத்தத்தையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். உறையில் உள்ள அழுத்த சுவிட்ச்சைக் கழற்றி அந்தத் துளையில் மீட்டரை மாட்டலாம், அதிகமாக முறுக்காமல். நன்கு சூடேறிய எஞ்சினில், ஓடும் வேகத்தில் சதுர அங்குலத்துக்கு 65 முதல் 80 பவுண்டும், ஸ்லோவில் 20 முதல் 25 பவுண்டும் இருக்க வேண்டும். இதற்கு வெகு கீழே காட்டினால், பம்போடு சேர்த்துக் கிராங்க்குக்குள் உள்ள கசடுக் குழாயையும் சந்தேகிக்க வேண்டும். சுழற்சியின் வேகத்தில் எண்ணெயின் அழுக்கு அந்தக் குழாயில் களிம்பாகப் படிந்து, ஒரு கட்டத்தில் பேரிங்குகளுக்குப் போகும் வழியையே அடைத்துவிடும். எஞ்சினை முழுதாகப் பிரித்தால்தான் அதைத் திறக்க முடியும் என்பதால், முந்தைய உரிமையாளரிடம் எஞ்சின் எப்போதாவது பிரிக்கப்பட்டதா, அப்போது அந்தக் குழாய் சுத்தம் செய்யப்பட்டதா என்று பில்லோடு கேட்டுப் பாருங்கள். பில் இல்லை, அழுத்தமும் குறைவு என்றால், காயில் மாற்றி வண்டி நிற்காமல் ஓடத் தொடங்கிய பிறகும் நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்ட வேண்டாம். புதிய கார்புரேட்டர்களுக்கு ஒதுக்கிய பணத்தை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.